வேப்பங்கொட்டை முனை

சென்ற கிழமை சுன்னாகம் சந்தையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, புதிதாகத் திறந்திருக்கும் இசைக்கருவிக் கடையின் கண்ணாடிக்குள்ளே டிரம்ஸ் குச்சிகளைக் கண்டேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டிரம்ஸ்டிக்' என்று ஒரே பெயர். அந்தப் பழைய பகிடியை எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டு உள்ளே போனேன். போயிருக்கக்கூடாது. வார்னிஷ் மணம் முகத்தில் அடித்தது.

எங்கள் குச்சிகளுக்கு வார்னிஷ் இல்லை. சண்டையால் கொழும்பிலிருந்து சாமான் வருவது நின்றுபோன நாட்கள் அவை. நான் அப்போது கணக்கு வாத்தியார். பின்னேரங்களில் கொழும்புத்துறையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பொங்கோ தட்டுவேன். வாசித்தேன் என்று எழுதினால் கேட்டவர்கள் மன்னிக்கமாட்டார்கள். டிரம்ஸ் அடித்தவன் என்னோடு படித்த யோகன். கொய்யாத் தடியை உடைந்த போத்தல் கண்ணாடியால் சுரண்டி நாங்களே குச்சி செய்வோம். சுரண்டிய கொய்யாவுக்குத் துவர்ப்பான ஒரு மணம் உண்டு. இன்றைக்கும் யாராவது கொய்யாக் கொப்பு வெட்டினால் நான் எழுந்து அப்பால் போய்விடுவேன்.

முனைக்குக் கீழே குச்சி ஒடுங்கும் இடத்தைக் கழுத்து என்போம். கழுத்து குறுகித் தடித்திருந்தால் பாரம் முன்னுக்கு நிற்கும். சத்தம் பெரிது, ஆனால் குச்சி சோம்பலாகத்தான் எழும்பும். நீண்டு மெலிந்தால் தோலில் பட்டதும் தானாகத் துள்ளும்; சத்தம் மெல்லிசு. முனை நெல்லிக்காய்போல உருண்டையென்றால் எந்தச் சரிவில் அடித்தாலும் ஒரே தெளிவு. வேப்பங்கொட்டைபோல நீண்டதென்றால் நுனியால் அடிக்கக் கூர்மையாகவும் பக்கத்தால் அடிக்க மொத்தையாகவும் கேட்கும். எல்லாரும் இரண்டு கையிலும் ஒரே மாதிரிக் குச்சியைத்தான் பிடிப்பார்கள். யோகன் வலதில் நெல்லிக்காயும் இடதில் நீண்ட கழுத்து வேப்பங்கொட்டையும் பிடிப்பான்.

"உதென்னடா, சோடி மாறின செருப்பு மாதிரி?" என்று கேட்டேன்.

"வலது கதைக்கும், இடது ஓம் எண்டு சொல்லும். உன்ரை பொங்கோவுக்கு அது விளங்காது, விடு."

உண்மைதான். வலது கை அடித்து ஓய, இடது குச்சி துள்ளித் துள்ளி ஒரு சின்ன முணுமுணுப்பை விட்டுப்போகும். குழுவில் வேறு யாருக்கும் அது பிடிபடாது. எனக்குக் கேட்கும். அதில் எனக்குப் பெருமை.

பிறகு யோகன் இயக்கமொன்றில் சேர்ந்தான். கொஞ்ச நாளில் சொல்லாமல் விட்டு வந்தான். விட்டு வந்தவர்களை இயக்கம் தேடிப் பிடித்த காலம் அது. அவன் ஜேர்மனிக்குப் போய்விட்டதாக அவனுடைய தாய் ஊரெல்லாம் சொன்னார். நானும் நம்பினேன். டிரம்ஸுக்குப் புதுப் பெடியன் ஒருவன் வந்தான்.

ஒரு பின்னேரம் ஒத்திகைக்குப் பிந்திப் போனேன். மண்டபத்தின் கதவு யன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உள்ளே வாசித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே தேநீர்க்கடை. ஒன்று குடித்துவிட்டுப் போகலாமென்று வாசல் வாங்குப் பலகையில் இருந்தேன். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர்.

"புதுப் பெடியன் நல்லாத்தான் அடிக்கிறான், என்ன மாஸ்டர்?" என்றார்.

காது கொடுத்துக் கேட்டேன்.

"உது அவனில்லை. இடக்கை துள்ளுறதைக் கேளுங்கோ, வேப்பங்கொட்டை முனை. உது எங்கடை யோகன்."

"நல்ல காது உங்களுக்கு."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். நான் வாத்தியார் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் மூலையில் திரும்பிய பிறகுதான் ஜேர்மனி நினைவுக்கு வந்தது.

கதவு தெருவுக்கு அந்தப் பக்கம்தான். எழுந்து போய்த் தட்டியிருக்கலாம். தட்டினால் யோகன் தப்புவான், தப்பவைத்தது யாரென்று தேடி என்னிடம் வருவார்கள். கணக்கு வாத்தியார் அல்லவா, விரைவாகவே கணக்குப் போட்டேன். தேநீரை அடிவரைக்கும் குடித்தேன். வீட்டுக்குப் போனேன்.

இருள முன்னரே மண்டபத்து வாசலில் வான் வண்டி ஒன்று வந்து நின்றதாம். ஒளித்திருந்த இடத்திலிருந்து, அடிக்காமல் கை பொறுக்காமல், ஒரேயொரு பாட்டுக்கு வந்து உட்கார்ந்தவன் என்று பிறகு சொன்னார்கள். யோகன் திரும்பி வரவில்லை.

அவனுடைய தாய் என்னிடம் வந்தார். "ஆர் தம்பி காட்டிக் குடுத்திருப்பினம்? உங்களுக்கு ஏதும் தெரியுமே?"

"தெரியாதம்மா."

"என்ரை பிள்ளையின்ரை சிநேகிதன் நீங்கள். கேள்விப்பட்டால் சொல்லுங்கோ."

கோயிலில், கடையில், பஸ் தரிப்பில், எங்கே கண்டாலும் கேட்பார். வருடக்கணக்காக அதே பதிலைச் சொன்னேன்.

சுன்னாகத்துக் கடைப் பெடியன் இரண்டு குச்சிகளை என் கையில் வைத்தான். "அடிச்சுப் பாருங்கோ ஐயா. உந்த ரெண்டு முனைக்கும் என்ன வித்தியாசமெண்டு எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?"

இடது கையில் இருந்தது வேப்பங்கொட்டை. நான் அடிக்கவில்லை.

"தெரியாது தம்பி," என்றேன். அந்தத் தேநீர்க்கடையில் சொல்லியிருக்க வேண்டிய சொல்.

அந்தத் தேநீர்க்கடை ஷெல்லடியில் போய்விட்டது. மண்டபம் இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். யோகனின் தாய் போன மாரியில் காலமானார். செத்தவீட்டில், மகனோடு படித்தவர் என்று என்னை முன் கதிரையில் இருத்தினார்கள். இனி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இல்லை.