லோரிஸ் தன் மகனுக்குப் போட்ட விலை

லோரிஸ் தெஸ்ஸரினை எனக்குப் பிடிக்காது. என் தங்கை நீவெஸின் புருஷன் என்பதால் இத்தனை வருஷமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். விபத்தில் நசுங்கிய கார்களுக்கு இழப்பீடு மதிப்பிடுவது அவன் பிழைப்பு. நசுங்கியதைத் தட்டி நிமிர்த்துவது என் பிழைப்பு. கதவையே மாற்ற வேண்டும் என்று நான் சொன்னால், பட்டி பூசினால் போதும் என்று எழுதிவிடுவான். என் வயிற்றில் அடித்துவிட்டு என் காபியையே குடித்துவிட்டுப் போகிற ஆள்.

மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பான். என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷம் ஓடும்" என்றான். மூணு வருஷம் ஓடியது. அந்தத் தப்பை அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் அத்ரியாவில் செப்டம்பர் முதல் ஞாயிறு மத்தியானம், வாண்டா அக்கா கடையின் பின்னறையில் கால்பந்து ஏலம் நடக்கும். பத்துப் பேர், ஆளுக்கு ஐந்நூறு காசு, எல்லாம் விளையாட்டுக் காசு. முதல் டிவிஷனில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து ஆளுக்கொரு அணி கட்டுவோம். வாராவாரம் அவர்கள் ஆடுகிற ஆட்டம்தான் எங்களுக்கு மார்க். ஜெயிக்கிறவனுக்கு ஒரு பன்றித்தொடை. அந்தத் தொடைக்காகத்தான் சொந்தம், சிநேகிதம் எல்லாம் நாறும்.

லோரிஸ் ஜூன் மாதமே ஆரம்பித்துவிடுவான். சமையலறை மேஜை முழுக்கச் செய்தித்தாள். யார் பெனால்டி அடிக்கிறான், யாருக்குத் தொடை பிடித்துக்கொள்கிறது, யாருக்குப் புதுக் குழந்தை பிறந்து தூக்கம் கெட்டிருக்கிறது, அத்தனையும் அவனுக்கு வேண்டும். ஜூலையில் அணிகள் மலையில் பயிற்சிக்குப் போனால் இவனும் மடக்கு நாற்காலியோடு போய் வேலிக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். பிறகு ஒவ்வொருவனுக்கும் ஒரு விலை எழுதி வைப்பான். பதினேழு என்று போட்டால் பதினேழுதான், பதினெட்டு என்று அவன் வாய் திறக்காது. வருஷா வருஷம் மிச்சக் காசோடு எழுந்து போவான். மிச்சக் காசுக்கு வாண்டா அக்கா ஒரு தர்பூசணித் துண்டுகூடத் தரமாட்டாள்.

இந்த வருஷம் வம்பு வேறு மாதிரி வந்தது. அவன் மகன் டெனிஸ் முதல் டிவிஷனில் பின்வரிசையில், கோல் விழாமல் தடுக்கிற இடத்தில் ஆடுகிறான். அப்பனும் மகனும் பேசி நாலு வருஷம் இருக்கும். "என் பையனுக்கு இடது கால் நிக்கறதுக்கு மட்டுந்தான்" என்று லோரிஸ் ஒரு பத்திரிகைக்காரனிடம் சொல்லி, அது அச்சாகிவிட்டது. அன்றோடு சரி. இந்த ஜூலையில் மலைக்குப் போய்த் திரும்பியவனிடம், பையனைப் பார்த்தாயா என்று நீவெஸ் கேட்டாள். "பார்த்தேன். ஓடுறான்" என்றான்.

ஏலத்துக்கு முந்தின நாள் நீவெஸ் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, மேஜை தொடைக்கும்போது பார்த்தேன். எம் புள்ளைக்கு ஒரு காசு போட்டு வச்சிருக்காரு. ஒரு காசு."

போன வருஷம் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் ஆடியவன். எந்தக் கிறுக்கனும் பதினைந்து கொடுப்பான்.

"ஏலத்துல அவரு வாயால ஒரு காசுன்னு சொல்லி எம் புள்ளைய விட்டுக்கொடுத்தாருன்னா, நான் பெட்டியக் கட்டிட்டு உன் வீட்டுக்கு வந்துருவேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"கண்ணாடியத் தொடைச்சாரு."

ஏலத்தில் ஒவ்வொருவராக முறைவைத்து ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். விலை ஒன்றில் ஆரம்பம். என் பட்டறை மரச்சுத்தியை வைத்துக்கொண்டு ரொட்டிக்கடை கஸ்தோனே ஏலம் விட்டான். பின்வரிசைக்காரர்கள் முறை வந்ததும் லோரிஸ் கண்ணை நிமிர்த்தாமல் சொன்னான்.

"தெஸ்ஸரின் டெனிஸ். ஒண்ணு."

கஸ்தோனேதான் முதலில் வாயைத் திறந்தான். "ஏன் லோரிஸ், பெத்த புள்ளைக்கா? நாய்க்குட்டியக்கூட யாரும் இந்த விலைக்குத் தரமாட்டாங்கப்பா."

"அவன் விலை அதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாற்றாமல் விட்ட கதவெல்லாம் ஞாபகம் வந்தது. என் தங்கை முகம் வந்தது.

"அறுபது" என்றேன்.

பின்வரிசை ஆளுக்கு எங்கள் மேஜையில் யாரும் முப்பதைத் தாண்டியதில்லை. "இந்தக் குடும்பத்துல அவன் மதிப்பு தெரிஞ்ச ஒருத்தனாவது இருக்கான்னு எழுதிக்கோ மாப்ள" என்றேன். லோரிஸ் என்னை ஒரு தடவை பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். தர்பூசணியை எடுத்துக் கடித்தான். கஸ்தோனே சுத்தியை இறக்கினான். கடைசியில் நல்ல முன்வரிசைக்காரன் ஒருவனை எடுக்கக்கூட என்னிடம் காசு இல்லாமல் போனது, அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் சமையலறையில் நீவெஸ், பக்கத்தில் பெட்டி. கஸ்தோனே அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தான். நான் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, டெனிஸிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, என்னை அறுபதுக்கா எடுத்த?"

"உனக்கு அதுகூடக் கம்மிடா."

"அப்பா உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் என்னத்தச் சொல்றது?"

"முட்டி போச்சு மாமா. ஜூலையிலருந்தே வலி. மலையில அப்பா வந்தப்பவே நொண்டுறதப் பார்த்துட்டாரு. வியாழக்கிழமை ஸ்கேன்ல கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுச்சு. நாளைக்குக் காலையில போலோஞாவுல ஆபரேஷன். கிளப்பே சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு நான்தான் அப்பாகிட்ட சத்தியம் வாங்கினேன். இந்த வருஷம் நான் ஆடமாட்டேன்."

நீவெஸ் போன் பக்கம் குனிந்தாள். "ஜூலையிலருந்து அப்பாகிட்ட பேசிட்டிருக்கியா?"

"அம்மா, நீ அங்கயா இருக்க?"

"பேசறியான்னு கேட்டேன்."

"தினமும் பேசுறோம். நீ அழுவேன்னுதான் உங்கிட்ட..."

அவள் அழவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, "வண்டிய எடு அண்ணே" என்றாள்.

லோரிஸ்தான் கதவைத் திறந்தான். வெளியே போகிற சட்டை போட்டிருந்தான். வாசலில் அவன் பையும் தயாராக இருந்தது. எனக்கு அடங்கவில்லை. "தெரிஞ்சேதான என் அறுபதப் போக விட்ட?"

"நான் ஒண்ணுன்னுதான சொன்னேன் மச்சான். அதுக்குக் கீழ சொல்ல விதி இல்ல. அவன் பேரையே எடுக்கலன்னா எல்லாரும் மோப்பம் பிடிச்சிருப்பீங்க."

அந்த ஆள் மேஜை முழுக்கக் காறித் துப்பியதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். அதற்காக எனக்கு அவனைப் பிடித்துவிடவில்லை.

நீவெஸ் அவனுடைய பையைத் திறந்தாள். மேலே டெனிஸின் பழைய பைஜாமா, தேய்த்து மடித்தது. அதைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். லோரிஸின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் போட்டாள்.

"நொண்டுறான்னு தெரிஞ்சு, எங்கிட்ட வந்து ஓடுறான்னு சொன்ன. ரெண்டு மாசமா அவன் வலி உனக்கு மட்டும் தெரிஞ்சுச்சு. ஆஸ்பத்திரிக்கு நான் போறேன். நீ இங்கயே இருந்து விலை போடுய்யா."

"நீவெஸ், அவன் கண் முழிக்கும்போது நான் இருப்பேன்னு சொல்லியிருக்கேன்" என்றான் லோரிஸ். அவன் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

அவள் போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் கை நிறையச் சட்டையோடு படியிறங்கி வந்து, பின்கதவுப் பக்கம் நின்றான். கதவைத் திறக்கவில்லை. ஏற்றிக்கொள்ளலாமா என்று நான் அவளைப் பார்த்தேன்.

"ஓட்டு அண்ணே" என்றாள்.