சக்கரத்துக்குத் தையல் விட்ட பஷீர் பாய்

பூந்தமல்லியில் பேன்ட் தைத்துப் போடும் ஆண்கள் பலருக்குத் தங்கள் தொப்பை இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியாது. டெய்லர் பஷீர் அகமதுவுக்குத் தெரியும். இடுப்பளவு எடுக்கும்போதே முகத்தை ஒரு பார்வை பார்த்து, அதற்கேற்ற துணியைப் பின்தையலுக்குள் மடித்து விட்டுவிடுவார். "உள்ள துணி விட்டுக்கீறேன், அப்பால பிரிச்சிக்கலாம்" என்பது அவர் கடையில் எல்லோருக்கும் கிடைக்கும் ஆசீர்வாதம். ரிட்டயர் ஆனவர்களுக்குக்கூடக் காலில் நாலு விரல் மடித்து விடுவார். இனிமேல் வளர மாட்டார்கள் என்று யார் கண்டது?

அவருடைய பைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. வீட்டுக்கு வந்த வரிசையில் அதற்கு முதலிடம், மனைவி அஷ்ரஃபுன்னிசாவுக்கு இரண்டாமிடம். பாய் இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அந்தம்மாவுக்குத் தெரியும்.

போன மாதம் டயர் மாற்றுவதற்காக முன்சக்கரத்தை அவரே கழற்றினார். அச்சில் கோத்து, சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் நடுவே நிற்கிற குழாய்த்துண்டு ஒன்று உண்டு; புஷ் என்பார்கள். அது உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. பாய் கலங்கவில்லை. கையில் இருந்த வாஷர்களை அடுக்கினார். மிச்ச இடைவெளிக்குச் சட்டைக் காலரில் வைக்கும் கேன்வாஸை வட்டமாக வெட்டிச் சொருகினார். காலர் விறைப்பாக நிற்கவில்லையா, சக்கரமும் நிற்கும் என்பது கணக்கு.

சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. குமணன்சாவடி போவதற்குள் ஹேண்டில்பார் ஆட ஆரம்பித்தது. சிக்னலில் அஷ்ரஃபுன்னிசா இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் பாய் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். பேசாமல் போனவளிடம் என்ன செய்வது? அன்றிலிருந்து பின்சீட்டு காலி.

இப்போது பட்டாபிராமில் அஷ்ரஃபுன்னிசாவின் தங்கை மகளுக்கு நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை. அந்தம்மாவின் தம்பி ஜுல்ஃபிகர் போன் போட்டான்.

"அக்காவ நான் காருல இட்டுகினு போயிடறேன் மச்சான். நீங்களும் வாங்களேன், பின்னாடி எடம் கீது."

மனைவி வீட்டு விசேஷத்துக்கு மச்சினன் காரில் பின்சீட்டில் போய் இறங்குவதா? பாய்க்குக் காது சூடேறியது.

"உங்கக்கா என் வண்டிலதான் வருவா" என்றார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "வண்டி ஆடலன்னா வரேன். ஆடுச்சுன்னா காருதான். தம்பிகிட்ட அதையும் சொல்லிடுங்க."

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அந்த மாடலுக்கு எதுவும் வருவதில்லை என்று கையை விரித்தார்கள். பாய் சக்கரத்தை ஃபோர்க்கின் நட்டநடுவில் நிறுத்தி, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பால் இடைவெளியை அளந்தார். ஒண்ணேகால் இஞ்ச். அச்சை எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பத்தில் லேத் வைத்திருக்கும் சிநேகிதன் வேம்புலியிடம் போனார். வழியிலேயே தையல்காரப் புத்தி தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

"நீளம் ஒன்ற இஞ்ச், நைனா."

"அளவு கரெக்ட்டா பாய்? இரும்பு, அப்பால அழக்கூடாது."

"ஊருக்கே அளவெடுக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

வேம்புலி ஒன்றரை இஞ்சில் பளபளவென்று கடைந்து கொடுத்தார்.

சனிக்கிழமை வாசலில் உட்கார்ந்து பாய் மாட்டத் தொடங்கினார். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் அகட்டிக்கொண்டு நின்றன, டைட் பேன்ட்டில் உட்காரப் பார்ப்பவன் மாதிரி. இடுக்கில் சக்கரத்தை அடித்து நுழைத்தார். நட் ரெண்டு சுற்றோடு நின்றுவிட்டது. அச்சின் நுனியில் ஒரு துளை இருக்கும். நட் கழன்று ஓடாமல் இருக்க அதில் ஸ்பிளிட் பின் போட வேண்டும். துளை நட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு வெளியே தலைகாட்ட மறுத்தது.

டீயோடு அஷ்ரஃபுன்னிசா வந்தார்.

"முடிஞ்சுதா?"

பாய் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறக்க முடியாது. குண்டூசியைக் கவ்வுகிற பழக்கத்தில் ஸ்பிளிட் பின்னை உதட்டில் கவ்வியிருந்தார்.

"வாயில கீறது சக்கரத்துல இருக்க வேணாமா?"

பாய் பின்னை எடுத்தார். அந்தம்மா குனிந்து அகன்ற ஃபோர்க்கைப் பார்த்தார், புது புஷ்ஷைப் பார்த்தார், கடைசியில் புருஷனைப் பார்த்தார்.

"எவ்ளோ விட்டீங்க?"

"எதுக்கு?"

"தையலுக்கு."

பாய் டீயை ஊதினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

"கால் இஞ்ச்" என்றார் மெதுவாக.

"சக்கரம் வளருமா?"

இதைச் சொல்லிவிட்டு அந்தம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து என்னவென்று பார்த்தது. பாய் முறைத்துப் பார்த்தார், முடியவில்லை, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஷேர் ஆட்டோவுக்குப் பிறகு வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

கள்ளிக்குப்பத்தில் வேம்புலி அதைவிட அதிகம் சிரித்தார். கால் இஞ்சைச் சீவி எடுத்து, "இந்தா பாய், தையலப் பிரிச்சிட்டேன். பிட்டுத்துணி வேணுமா?" என்று இரும்புச் சுருளையும் நீட்டினார்.

இந்த முறை ஃபோர்க் அடக்கமாக நின்றது. புஷ் தன் இடத்தில் உட்கார்ந்தது, அச்சு வழுக்கிக்கொண்டு போனது, வாஷர், அதன்மேல் நட். இறுக்க இறுக்கத் துளை வெளியே வந்து எட்டிப் பார்த்தது. பின்னைச் சொருகி இரண்டு காலையும் மடக்கிவிட்டு, பாய் சக்கரத்தைச் சுழற்றினார். அது இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல், கட்சி எதிலும் சேராத மனிதன் போலச் சுற்றியது.

ஞாயிறு காலை, தெருவை ஒருமுறை தனியாகச் சுற்றிக் காட்டச் சொன்னார் அஷ்ரஃபுன்னிசா. காட்டினார். கையை விட்டு ஓட்டச் சொன்னார். அதையும் காட்டினார். பிறகுதான் துப்பட்டாவைச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பருத்திப்பட்டு வரைக்கும் பாயின் தோளை இறுக்கிப் பிடித்திருந்த கை, ஆவடியில் லேசாகி, அப்புறம் எடுபட்டே போனது. பாய் பயந்து கண்ணாடியில் பார்த்தார். அந்தம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கடைகளை வேடிக்கை பார்த்து வந்துகொண்டிருந்தார்.

பட்டாபிராமில் விசேஷ வீட்டு வாசலில் சொந்தம் மொத்தமும் நின்றுகொண்டு, வாங்க வாங்க என்று கையசைத்தது. பாய் காலை ஊன்றினார். பின்னாலிருந்து யாரும் இறங்கவில்லை.

"எறங்கு, எல்லாரும் பாக்கறாங்க."

"இன்னும் யாரும் வரல போலகீது" என்றார் அஷ்ரஃபுன்னிசா, அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டே. "இன்னொரு ரவுண்டு போய்ட்டு வரலாம்ங்க."