கொக்கி மாமாவின் ஃபைல்

எங்கள் அக்கா புருஷனுக்குத் தொழிற்சாலையில் கொக்கி என்று பெயர். இரும்புத் தகட்டுச் சுருள்களைத் தூக்கும் பெரிய கிரேனை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். நாற்பதடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, பதினெட்டு டன் சுருளைக் கீழே நிற்கிற லாரியில் சத்தமே வராமல் இறக்கிவைப்பார். சுமை ஆட ஆரம்பித்தால் மற்ற ஆட்கள் பதறிப்போய் பிரேக்கைப் பிடிப்பார்கள். இவர் ஆட்டம் போகிற பக்கமே கிரேனையும் கொஞ்சம் நகர்த்தி அடக்கிவிடுவார். கீழே இறங்கி வந்தால் சொந்தச் சட்டைக்குப் பொத்தான் மாற்றிப் போடுகிற மனுஷன். அதற்கெல்லாம் அக்கா வேண்டும்.

நான் அதே தொழிற்சாலையின் மருத்துவ அறையில் உதவியாளன். காயத்துக்குக் கட்டுப் போடுவது, எடை பார்ப்பது, வருடாந்திரப் பரிசோதனையில் சிறுநீர்க் குப்பிகளை வாங்கிப் பெயர்ச் சீட்டு ஒட்டுவது என் வேலை. அந்தச் சீட்டில்தான் இவ்வளவும் நடந்தது. என்மேல் தப்பே இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

மாமாவுக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. எங்கள் தொழிற்சாலை டாக்டரம்மா ஒருமுறை அவரிடம் கண்டிப்பாகச் சொன்னார்: சிறுநீரில் புரதம் இறங்க ஆரம்பித்தால் சிறுநீரகம் கெடுகிறது என்று அர்த்தம், அப்புறம் கண்ணும் கெடும், கூண்டில் ஏறவிட மாட்டேன். மாமாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கூண்டு இல்லாத கொக்கியை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு ஒரு ஜாம் பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே இருந்தது அக்காவின் சிறுநீர். "உங்கக்கா கல்லு மாதிரி இருக்கா மாப்ள. ஒரு நாள் காய்ச்சல்னு படுத்திருக்காளா?" என்றார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. கழிப்பறையில் குப்பிக்கு மாற்றிக் கொண்டுவந்து நீட்டினார். நான் அவர் பெயரை எழுதி ஒட்டினேன், பரிசோதனைச் சீட்டிலும் எழுதினேன். எல்லாம் சுத்தம் என்று சீட்டு வந்தது. அன்றைக்கு அக்கா வீட்டில் நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இரண்டாம் வருஷமும் அதே ஜாம் பாட்டில். இந்த முறை சர்க்கரையும் லேசாகப் புரதமும் இருப்பதாக வந்தது. சர்க்கரைக்காரர் சீட்டில் சர்க்கரை இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? டாக்டரம்மா சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்து, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று விட்டுவிட்டார். நாங்கள் இரண்டு மேதாவிகளும் கூடிப் பேசி, பாட்டிலில் ஜாம் ஒட்டியிருந்திருக்கிறது என்று முடிவு கட்டினோம். சர்க்கரைக்கு ஜாம் சரி, புரதம் எங்கிருந்து வந்தது என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. பாட்டிலைக்கூட ஒழுங்காகக் கழுவத் தெரியாதா என்று அக்காவைத்தான் கடிந்துகொண்டேன். அவளும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். மாத்திரை அட்டை பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. மாமா தின்னவில்லை, சிறுநீர் அவருடையது இல்லையே. அக்காவுக்கும் கொடுக்கவில்லை, அவள்தான் கல்லாயிற்றே.

அந்த வருஷம் அக்கா கொஞ்சம் பூசினாற்போல ஆனாள். காலையில் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும். விரலில் இறுகிப்போன மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினாள். செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரைக்கும் காலில் மறையவில்லை. கழிப்பறையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நுரை போகவில்லை என்று சோப்புத்தூளை மாற்றினாள். மாமா உன்னை நன்றாகக் கவனிக்கிறார் போல, முகம் பளபளவென்று இருக்கிறது என்று நான் கேலி செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

மூன்றாம் வருஷமும் பாட்டிலை நன்றாகக் கழுவி அக்காவுடையதையே கொடுத்தோம். புரதம் ஏராளம் என்று சீட்டு வந்த மறுநாள் டாக்டரம்மா மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். நான் இரத்த அழுத்தக் கருவியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மாமாவின் ஃபைலைப் பிரித்து, மேசையில் மூன்று வருஷச் சீட்டுகளையும் வரிசையாக வைத்திருந்தார்.

"சிறுநீரகத்துல வடிகட்டறதே ரொம்ப மெல்லிசான இரத்தக்குழாய்ங்கதான்" என்றார். "அதை உயிரோட வச்சிருக்க பக்கத்து செல்லுங்க ஒரு பொருளை அனுப்பிக்கிட்டே இருக்கும். வளர்ச்சிக் காரணின்னு சொல்லுவோம். சர்க்கரை வருஷக்கணக்கா கட்டுப்பாடில்லாம இருந்தா முதல்ல அது அளவுக்கு மீறி வரும். குழாய் கசியும், புரதம் இறங்கும். அப்புறம் அதை அனுப்பற செல்லே செத்துப்போகும். பொருள் வராது. குழாய் ஒவ்வொண்ணா மூடிக்கும், அந்த இடத்துல தழும்பு விழும். வலியே இருக்காது."

மாற்றின குட்டு வெளிப்படப்போகிறது என்ற பயம் மட்டும்தான் அப்போது மாமா முகத்தில் இருந்தது. டாக்டரம்மா கேள்விகளை ஆரம்பித்தார். காலையில் முகம் உப்புகிறதா என்று கேட்டார். மாமா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர், பாதியில் நிறுத்தினார். பிறகு, ஆமாம் என்றார்.

கால் வீங்குகிறதா? ஆமாம். சிறுநீரில் நுரை நிற்கிறதா? ஆமாம். பசி குறைந்திருக்கிறதா, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஆமாம், ஆமாம். ஒவ்வொரு ஆமாமுக்கும் அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. அக்கா மேசைமேல் மூன்று காகிதமாகக் கிடந்தாள். மூன்றிலும் என் கையெழுத்தில் மாமாவின் பெயர்.

"போன வருஷம் குடுத்த மாத்திரையை ஒழுங்கா போட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மாமா எழுந்து நின்றார். "இது என்னோடது இல்லம்மா. என் சம்சாரத்தோடது. மூணு வருஷமும் அவளோடதுதான்."

டாக்டரம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அவங்க இப்ப எங்கே இருக்காங்க, உடனே கூட்டிக்கிட்டு வாங்க என்றார். அவர் அவசரப்பட்டதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

அக்காவை நானே போய் அழைத்துவந்தேன். வழியெல்லாம் மாமாவுக்கு என்ன, மாமாவுக்கு என்ன என்றே கேட்டுக்கொண்டு வந்தாள். சும்மா ஒரு பரிசோதனை என்று மழுப்பினேன். இருவரிடமும் இரத்தம் எடுத்தார்கள். மாமா முதல் தடவையாகத் தன் குப்பியைத் தானே நிரப்பிக் கொடுத்தார்.

மறுநாள் முடிவு வந்தது. மாமாவின் சிறுநீரில் துளிப் புரதம் இல்லை. இரத்தத்திலும் சிறுநீரகக் கோளாறு எதுவும் தெரியவில்லை. பாட்டிலை மாற்றியிருக்கவே வேண்டாம். அக்காவின் சிறுநீரகங்களில் கால் பங்குதான் மிச்சம் இருந்தது. முதல் வருஷச் சீட்டில் தெரியாத அளவுக்குச் சர்க்கரை அவளுக்கு எத்தனை வருஷமாக இருந்ததோ, எங்களில் யார் பார்த்தோம்? மருந்தால் மிச்சத்தைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம், போன குழாய்கள் திரும்ப வராது, மெஷினில் இரத்தம் சுத்தம் செய்கிற நாளுக்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. போன வருஷமே வந்திருந்தால் என்று தொடங்கியவர், மாமாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அவருக்கு ஒண்ணுமில்லையாடா?"

"ஒண்ணுமில்லக்கா. சுத்தமா இருக்கு."

"நல்லவேளை" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.