அடுப்பு பொய் சொல்லாது

ஆளில்லாமல் மிதக்கும் கப்பல்களைக் கரைக்கு இழுத்துவரும் படகில் அவர் சமையல்காரர். அப்படியொரு கப்பலில் ஏறினால் மற்றவர்கள் பேய், பிசாசு என்று கதை அளப்பார்கள். அவர் நேரே அடுப்படிக்குப் போவார். "அட போங்கடா! அடுப்பு பொய் சொல்லாது" என்பார்.

அன்று சிக்கியது அவர் தம்பி வேலை பார்த்த கப்பல். உயிர்காப்புப் படகையும் காணோம், ஆட்களையும் காணோம். மாவு டின்னை அடிவரை சுரண்டியிருந்தார்கள். சட்டியில் துண்டு துண்டாக வெந்து கிடந்தது ஒரு தோல் பெல்ட். பக்கத்தில் கழற்றி வைத்திருந்த கொக்கியைப் பார்த்தார். தம்பிக்கு அவரே வாங்கிக் கொடுத்த பெல்ட்.

கரையில் தம்பி மனைவி ஓடிவந்தாள். "மாமா, அடுப்படியைப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. வயிறாரச் சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பியிருக்கான்."

"அப்போ தெம்பா இருப்பாரு. வந்துடுவாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள், அன்றைக்குப் புருஷனுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.