காயமில்லாத கட்டு

தையல்காரிக்குக் கோபம் வந்தால் கத்திரிக்கோல்தான் பேசும். அன்று மாலை அது துணியில் பாய்ந்த வேகத்தைப் பார்த்து, பக்கத்து மிஷின்காரி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

காரணம், மகளின் இடது கை. கதவிடுக்கில் நசுங்கிவிட்டதென்று அதில் துணியைச் சுற்றிக்கொண்டு, வலது கையால் கோழி கிளறியதுபோல் எழுதிக்கொண்டிருந்தாள் மகள். மருந்து போடலாமென்று அம்மா கட்டை அவிழ்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

“ஏண்டி இந்த நாடகம்?”

விசும்பலுக்கு நடுவே விஷயம் வந்தது. சினிஸ்டர் என்றொரு ஆங்கிலச் சொல். தீய எண்ணம், கேடு என்று இன்றைக்குப் பொருள். அது பிறந்த லத்தீனிலோ இடது பக்கம் என்றுதான் அர்த்தமாம். இதை வகுப்பில் சொன்ன டீச்சர், “இதோ, நம்ம இடது கைக்காரி!” என்று மகளைக் காட்டிச் சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து அவளிடம் யாரும் ஒரு ரப்பர்கூடக் கடன் கேட்பதில்லை.

தையல்காரியும் நொட்டாங்கைக்காரிதான். சின்ன வயதில் அப்பா அந்தக் கையை நாற்காலியோடு கட்டிவிட்டுத்தான் சாப்பாட்டுத் தட்டை வைப்பார். தொழிலுக்கு வந்த பிறகு, வலது கைக்காரர்களின் கத்திரிக்கோலைப் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் காய்த்துப்போனது. இடது கைக்கென்றே செய்த கத்திரிக்கோலைத் தேடி வாங்கிய நாளில்தான், அலகு மறைக்காமல் வெட்டும் கோடு அவள் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது மகள் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு நிற்கிறாள். மறுநாளும் கட்டோடுதான் பள்ளிக்குப் போனாள்.

அந்த மறுநாள் மாலை, தைக்கக் கொடுத்திருந்த கோட்டைப் போட்டுப் பார்க்க அதே டீச்சர் கடைக்கு வந்தார்.

“தோள் கச்சிதமா இருக்கேக்கா!”

“இருக்காதா பின்னே? கேடுகெட்ட கையில்ல வெட்டுச்சு!”

டீச்சரின் முகம் வெளுத்தது. மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மாணவியை அப்போதுதான் கவனித்தார்.

“நான் வார்த்தையோட வரலாறுதாங்க்கா சொன்னேன்…”

“வரலாறு சொன்னீங்க, சரி. எம்பொண்ணை எதுக்குக் கை காட்டுனீங்க? லத்தீன்காரன் என்னைக்கோ போய்ச் சேந்துட்டான். அத்தனை பிள்ளைங்க முன்னாடி விரல் நீட்டுனது நீங்கதானே?”

டீச்சர் மகளிடம் குனிந்தார். “தப்புதாம்மா.”

“இங்க சொன்னா எந்தக் காதுல விழும்? வகுப்புல சொல்லுங்க. சொல்லிட்டு வந்து இதை வாங்கிக்குங்க.” பேசியபடியே கோட்டை டீச்சரின் தோளிலிருந்து கழற்றி, ஆணியில் மாட்டினாள்.

டீச்சர் படியிறங்கினார்.

மகள் கையிலிருந்த கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்து, வெட்டுத்துணிக் கூடையில் எறிந்தாள். பென்சில் இடது கைக்கு மாறியது.

அம்மாவின் கத்திரிக்கோல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.