யாரும் வராத வலப்பக்கம்

கௌசல்யா பார்க்கும் கபடி ஆட்டங்களில் சத்தம் இருப்பதில்லை. வர்ணனையாளரின் குரலும் கூட்டத்தின் ஆரவாரமும் கண்ணை ஏமாற்றிவிடும் என்பதால், மடிக்கணினியின் ஒலியை முழுவதுமாக அடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். சித்தையன்கோட்டை வீட்டில் வெங்காயச் சாக்குகள் அடுக்கிய முன்னறைக்குப் பக்கத்துச் சிற்றறையே அவளுடைய அலுவலகம். அங்கு அமர்ந்து, தென்மாவட்டக் கல்லூரிகளின் ஆட்டங்களை ஒவ்வொரு ரெய்டாக நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். யார் பாடிப் போனார், எந்தப் பக்கம் திரும்பினார், யார் பிடித்தார், பிடி நின்றதா நழுவியதா என்று குறித்து, தொழில்முறைத் தொடரில் ஆடும் ஓர் அணிக்கு அனுப்புவாள். ஆண்டுதோறும் வீரர்கள் ஏலத்துக்கு முன்பு, கல்லூரிப் பையன்களில் யாரை எடுக்கலாம் என்று அந்த அணி முடிவு செய்ய அவளுடைய குறிப்புகளும் உதவின. குறைந்தபட்சம் உதவுவதாகவே அவள் நம்பினாள்.

"அம்புட்டு நேரம் பயலுகளப் பாக்குறியே ஆத்தா, ஒருத்தனாச்சும் ஒன்னயத் திரும்பிப் பாக்குறானா?" என்று அவளுடைய தாய் பழனியம்மாள் சாக்குகளுக்கு அப்பாலிருந்து கேட்பாள்.

"அவனுகளுக்கு நான் இருக்குறதே தெரியாதும்மா."

"நல்ல பொழப்பு."

இருபத்தெட்டு வயதான கௌசல்யா கல்லூரிக் காலத்தில் இடது கவராக ஆடியவள். பல்கலைக்கழக அணிவரை சென்றாள். அதற்கு மேல் செல்ல, ஆண்களுக்கு உள்ளதுபோல் பெண்களுக்குத் தொழில்முறைத் தொடர் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பித்தபோது, அவள் வைத்திருந்த சான்றிதழ் அந்தப் பதவிக்குச் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். எனவே ஆடுவதை விட்டுவிட்டு ஆடுபவர்களைக் கணக்கெடுக்கலானாள்.

கவர் என்பது களத்தில் அதிகம் கவனிக்கப்படாத இடம். இரு ஓரங்களிலும் நிற்கும் கார்னர்கள் ரெய்டரின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பார்கள். கூட்டம் அவர்களைத்தான் பார்க்கும். அவர்களுக்கு உட்புறம் நிற்கும் கவரின் வேலை, கார்னர் தொட்ட அதே நொடியில் ரெய்டர் நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியை உடம்பால் அடைப்பது. முன்கூட்டிப் போனால் ரெய்டர் ஏய்த்துவிடுவார். பிந்தினால் பிடித்த கார்னரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுவார். வழி சரியாக அடைபட்டால் புள்ளி முதலில் பிடித்த கார்னரின் பெயரில் ஏறும்.

அக்மலின் பெயர் முதலில் அவள் கவனத்துக்கு வந்ததே அவன் பெயருக்கு எதிரே எதுவும் இல்லாததால்தான். திண்டுக்கல் கல்லூரி ஒன்றின் வலது கவர். ஒரு பருவம் முழுவதும் ஆடியிருந்தும் வெற்றிப் பிடிகள் விரல்விட்டு எண்ணும் அளவே. தன் வேலையில்தான் பிழை என்று நினைத்து ஆட்டங்களை மறுபடியும் ஓடவிட்டாள். பிழை இல்லை. அந்தப் பக்கம் எதிரணியினர் போகவே இல்லை. வருகிற ரெய்டர்களெல்லாம் இடப்பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு முறை வெறுங்கையுடன் திரும்பி, மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆகவேண்டிய கட்டாயத்தில் சிலர் வலப்பக்கம் வந்தார்கள். வந்தவர்களின் கணுக்காலை வலது கார்னர் ஆல்வின் பிடித்தான். வழியை அக்மல் அடைத்தான். சிறந்த தடுப்பாட்டக்காரர் கோப்பைகள் ஆல்வின் வீட்டு அலமாரியில் சேர்ந்தன.

தமக்கை ஷாஹினாவின் நிக்காஹுக்காக அக்மல் ஓர் ஆட்டத்துக்கு வரவில்லை. அன்று ரெய்டர்கள் வலப்பக்கமாகவே வந்தார்கள். ஆல்வின் பிடித்த கால்களெல்லாம் நழுவின. அந்த ஆட்டத்தைப் பார்த்து முடித்ததும், தான் குறிப்பு அனுப்பும் அணியின் தேர்வாளர் காமராஜைக் கௌசல்யா தொலைபேசியில் அழைத்தாள். தேனிப் பக்கத்துக்காரரான அவர் பழைய ஆட்டக்காரர்.

"பயலோட கணக்குல ஒண்ணுமே இல்லையேம்மா."

"அந்தப் பக்கம் யாரும் போகல சார். போகப் பயப்படுறாங்க. அதுதான் அவன் ஆட்டம்."

"எங்க வீட்டுப் பக்கமுந்தான் ஒரு பய வர்றதில்ல. அதுக்காக எங்க நாய்க்கு ஒப்பந்தம் போடச் சொல்றியா?"

அவள் சிரிக்கவில்லை. காமராஜ் குரலைத் தணித்துக்கொண்டார். "நீ சொல்றது எனக்குப் புரியுது. முதலாளிமாருக்குப் புரியாதும்மா. அவங்க முன்னால ஒரு தாள்தான் இருக்கும். சரி, பொங்கல் கழிச்சு மதுரை முகாமுக்கு வரச் சொல்லிக் கடிதம் போடுறேன். ரெண்டு ஆட்டம் தர்றேன். பாயிண்ட் வந்தா பேசுறேன், வரலைன்னா பேச முடியாது."

இளம் வீரர் பிரிவில் சேர அக்மலுக்கு வயதுவரம்பின்படி அதுவே கடைசி ஆண்டு. அதற்குப் பின் ஏலத்தின் பொதுப் பட்டியல் ஒன்றுதான் மிஞ்சும். பெயரெடுத்தவர்கள் ஏற்கனவே நிறைந்திருக்கும் பட்டியல் அது.

கணக்கெடுப்பவர்கள் வீரர்களிடம் பேசக்கூடாது என்பது அணியின் விதி. கௌசல்யா அந்த விதியை அதுவரை மீறியதில்லை. முகாமுக்கு முந்தைய வாரம் திண்டுக்கல்லில் நடந்த ஆட்டத்தைப் படமெடுக்கச் சென்றவள், ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்கு எதிரிலுள்ள தேநீர்க் கடையில் அக்மலையும் ஆல்வினையும் கண்டு, தான் யார் என்று சொன்னாள்.

"ஏலே, ஒன்னயக்கூட ஒரு ஆள் பாத்திருக்காங்கடா!" ஆல்வின் நண்பனின் தோளில் அடித்தான். "இவன் பிடிக்கவே மாட்டான்க்கா. எனக்குப் பின்னாடி கதவு மாதிரி நிப்பான், அவ்வளவுதான்."

"கதவு இல்லைன்னா நீ தெருவுலதான்டா கெடப்ப," என்றான் அக்மல்.

அவன் உயரமானவன், குறைவாகப் பேசுபவன். பேகம்பூரில் அவன் தந்தை அப்துல் ஜப்பாருக்குத் தோல் மண்டி இருந்தது. "அத்தா இந்த ஒரு தடவதான்னு சொல்லிட்டாங்கக்கா. கெடைக்கலைன்னா மண்டியில உக்காரணும். அவங்களுக்கும் முதுகு முடியல," என்றான். புகாராக அதைச் சொல்லவில்லை.

கௌசல்யா அதற்கு முன்பே மனத்துக்குள் கணக்குப் போட்டிருந்தாள். முகாமில் அறிமுகமற்ற ஏழு பேரைச் சேர்த்து ஓர் அணியாக நிறுத்துவார்கள். வலது கார்னரில் ஆல்வின் இருக்கமாட்டான். அக்மல் தன் வழக்கப்படி காத்து நின்றால், எவனோ ஒரு கார்னர் தவறவிடும் கால்களுக்காகக் காத்து நிற்பான். தாளில் அவன் பெயருக்கு எதிரே மறுபடியும் ஒன்றும் இருக்காது.

"அங்க பாயிண்ட் வேணும் அக்மல். நிக்காத. நீயே முன்னால ஏறிப் பிடி."

"கார்னர் தொடாம நான் எப்படிக்கா போறது?"

"அங்க ஆல்வின் இல்ல. யாரையும் நம்பாத. ரெண்டு ஆட்டந்தான்."

அவன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான். "முகாம் அன்னைக்கிப் போய் மாத்த முடியாது. இன்னைக்கே பழகிக்கிறேங்க்கா," என்றான். பிறகு மைதானத்துக்குத் திரும்பிச் சென்று, ஆல்வினை ரெய்டராக ஓடவிட்டு, இருட்டும் வரை தனியாகப் பாய்ந்து பழகினான். அந்த வாரம் முழுவதும் அப்படியே பழகினான் என்று ஆல்வின் பிற்பாடு சொன்னான்.

மதுரை முகாமில், உள்ளரங்கின் மூலையில் மடிக்கணினியுடன் கௌசல்யாவும் அமர்ந்திருந்தாள். முதல் ரெய்டிலேயே அக்மல் பாய்ந்தான். ரெய்டரின் தொடையை வாரி அணைத்து, விரிப்பின் மீது சாய்த்தான். காமராஜ் அவள் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அவள் அவன் பெயருக்கு எதிரே புள்ளியைக் குறித்தாள். அந்தப் பகல் முழுவதிலும் அவள் மகிழ்ச்சியாக இருந்த நேரம் அவ்வளவே.

அடுத்து வந்த ரெய்டர் அந்தப் பாய்ச்சலை ஒருமுறை பார்த்திருந்தான். வலப்பக்கம் வருவதுபோல் தோளைக் காட்டினான். அக்மல் கிளம்பியதும் காலை இழுத்துக்கொண்டு, அவன் முதுகைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அதற்கடுத்தவனும் அதையே செய்தான். பிறகு எல்லோரும் வலப்பக்கமே வரத் தொடங்கினார்கள். ஒருமுறை பாய்ந்த வேகத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டித் தானே வெளியேறினான். இரண்டாம் ஆட்டத்தின் பாதியில், எந்த அறிவிப்பும் இல்லாமல் வேறொருவனை வலது கவரில் இறக்கினார்கள்.

மாலையில் காமராஜ் தம் தாளைக் கௌசல்யாவிடம் காட்டினார். அக்மலின் பெயருக்கு எதிரே இரண்டே சொற்கள்: பொறுமை இல்லை.

"சார், அவன் அப்படி ஆடுறவன் இல்ல. நான்தான் ஏறிப் பிடிக்கச் சொன்னேன்."

காமராஜ் சுற்றிலும் பார்த்தார். "நீ அவன்கிட்டப் பேசுனத நான் கேக்கல, நீயும் சொல்லல." தாளை மடித்தார். "ஆனா ஒண்ணும்மா. வெளியாள் ஒருத்தி சொன்னதும் தன்னோட ஆட்டத்தையே மாத்திக்கிட்டான்ல? நாளைக்கு எதிர் டீம்காரன் கத்துனா அதையும் கேப்பானா? கவர்ல நிக்கிறவன் யார் பேச்சையும் கேக்கக் கூடாது."

திண்டுக்கல் பேருந்தில் அக்மல் அவளுக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்தான். கொடைரோடு தாண்டியதும் பாதி திரும்பி, "அக்கா, அந்த மொதப் பிடி நல்லா இருந்துச்சுல்ல?" என்று கேட்டான்.

"நல்லா இருந்துச்சு."

"எனக்கே தெரியலக்கா, என்னால அப்படிப் போக முடியும்னு."

அதன்பின் அவன் மண்டியில் உட்கார்ந்தான். காலையில் தோல் கட்டுகளைத் தரம் பிரித்து அடுக்குவதும், வண்டி வந்தால் ஏற்றுவதுமாக நாட்கள் சென்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நகர அணி ஒன்றுக்காக ஆல்வினோடு ஆடினான்.

நத்தத்தில் மாம்பழப் பருவத்தில் ஒரு போட்டி நடந்தது. கௌசல்யா யாருக்காகவும் அல்லாமல் தன் விருப்பத்தின் பேரில் சென்று, அதைப் படமெடுத்தாள். வலப்பக்கம் அன்று மிகவும் சுறுசுறுப்பாக இருந்தது. ரெய்டர்கள் ஒருவர்பின் ஒருவராக அங்கேயே வந்தார்கள். அக்மல் ஒவ்வொருவர் மீதும் பாய்ந்தான். சிலரைப் பிடித்தான், பலரை விட்டான். பிடித்தபோதெல்லாம் கூட்டம் எழுந்து நின்றது.

"இப்பத்தான்ப்பா இந்தப் பய ஆடுறான்! இம்புட்டு நாளா மரமா நின்னுக்கிட்டிருந்தான்," என்றார் அவளுக்கருகில் நின்ற பெரியவர்.

இடைவேளையில் அக்மல் தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தபோது, அவள் அவனிடம் சொன்னாள்: "இங்க ஆல்வின் இருக்கான். பழையபடி நில்லு. அவன் தொடட்டும்."

"நிக்கத்தான்க்கா பாக்குறேன்." அவன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். "மனசு நில்லுங்குது. காலு தானாப் போயிருது."

அவர்கள் அணி தோற்றது. சிறந்த தடுப்பாட்டக்காரர் கோப்பை அக்மலுக்குக் கிடைத்தது. அவன் வாழ்வில் முதல் கோப்பை. அதை அவன் உயர்த்திப் பிடித்தபோது எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் ஆல்வின். கூட்டம் கலைந்தபின், முழங்கையின் சிராய்ப்பைக் கழுவிக்கொண்டே கௌசல்யாவிடம் ஆல்வின் மெதுவாகச் சொன்னான்: "அவன்கிட்டச் சொல்லிராதீங்கக்கா. இப்ப காலைப் பிடிச்சிட்டுத் திரும்புனா, எனக்குப் பின்னாடி யாருமே இல்ல."

புறப்படும்போது அக்மல் அவளுடைய வண்டியருகே வந்தான். ஏலத்தின் பொதுப் பட்டியல் அந்த மாத இறுதிவரை திறந்திருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, இந்த ஆட்டத்த காமராஜ் சாருக்கு அனுப்பி வைக்கிறீங்களா? இப்ப பாயிண்ட் இருக்குல்ல?"

"அனுப்புறேன்."

அனுப்பினாள். ஒவ்வொரு ரெய்டையும் முறைப்படி குறித்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல் அனுப்பினாள். அக்மலின் பெயருக்கு எதிரே முதன்முறையாகக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. மூன்றாம் நாள் காமராஜிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அவர் நிதானமாக, ஏறக்குறைய அன்போடு பேசியிருந்தார்.

"ஆட்டத்தப் பாத்தேம்மா. முழுசாப் பாத்தேன். பாயிண்ட் இருக்கு, இல்லைங்கல. ஆனா நீ அன்னைக்கிச் சொன்னதுலருந்து நான் எவன் எந்தப் பக்கம் போறான்னுதான் மொதல்ல பாக்குறேன். நல்ல விஷயத்தச் சொல்லிக் குடுத்த. இந்தப் பய பக்கம் எல்லாரும் வாராய்ங்களேம்மா. வேற ஆள் இருந்தா அனுப்பு."

கௌசல்யா அதை ஒருமுறை கேட்டாள். சாக்குகளுக்கு அப்பாலிருந்து பழனியம்மாள், "சோறு ஆறுது, வாரியா இல்லையா?" என்றாள். திரையில் நத்தம் ஆட்டம் நின்றுபோயிருந்தது. பாய்ந்த அக்மல் இன்னும் தரையில் விழாமல் இருந்தான். அவன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வெறும் மண்.

கைபேசி ஒளிர்ந்தது. மண்டியில் தராசுக்கு மேலே மாடத்தில் வைக்கப்பட்ட கோப்பையின் படம். அதன் கீழே அக்மல் எழுதியிருந்தான்: "சார் பாத்தாங்களாக்கா?"

"பாத்தாங்க," என்று கௌசல்யா அனுப்பினாள்.