ம் கொட்டுகிற உத்தியோகம்

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் எங்களுடையது. ஆனால் மூடுகிற விதம் தெரியாமல் மூடினால், எதிரில் இருப்பவர் எழுந்து போயே விடுவார்.

வீட்டில் ஒரு பேச்சு, ரேஷன் கடையில் ஒரு பேச்சு, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பேச்சு என்று நாளெல்லாம் கேட்டுக் காது கனத்துப் போயிருக்கிற உங்களுக்கு என் பாடு புரியும். நீங்கள் சும்மா கேட்கிறீர்கள், நான் மாதச் சம்பளத்துக்குக் கேட்கிறேன், அதுதான் வித்தியாசம். சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது எங்கள் குடும்ப ஆலோசனை மையம். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். நாற்று நட்டு, களை பறித்து வளர்ந்தவள். படித்த பெண்களிடம் பேசக் கூச்சப்படுகிறவர்கள் வயசானவர்களிடம் வாயைத் திறப்பார்கள் என்று கடலூரிலிருந்து வருகிற லில்லி மேடம்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார். மத்தியானத்தில் அந்த மாடியில் ஜன்னல் வெயில் தரையில் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். கோயில் பக்கமிருந்து புறாக்கள் வரும், போகும். யாரோ ஒருவர் தன் வாழ்க்கையைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கிறேனா, கனவு காண்கிறேனா என்று நடுவில் எனக்கே தெரியாமல் போகும்.

பல பேரைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. குவைத்திலிருந்து லீவில் வந்த ஷாகுல், அவன் மனைவி ரஹ்மத், இந்த இரண்டு பேர்தான் முக்கியம். அவன் திரும்ப பிளேன் ஏறுவதற்குள், சேர்ந்திருப்பதா பிரிவதா என்று முடிவாக வேண்டும். அதற்கு முன்னால், நான் கேட்கக் கற்றுக்கொண்ட கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

முட்டி வலிக்கு ஒரு விசாரணை

பயிற்சி கடலூரில் நடந்தது. பழைய ஹால், ஜன்னல் வழியாகக் கடல் காற்று. எங்களை இரண்டிரண்டு பேராக உட்காரச் சொன்னார் மேடம். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. தன் கதையை நடுவில் நுழைக்கக் கூடாது. கேட்டு முடித்ததும், "நீங்க சொன்னத நா இப்படிப் புரிஞ்சிக்கிட்டேன், சரியா?" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என்றார். காதுக்கு அது சுலபமாகத்தான் இருந்தது.

எனக்கு ஜோடியாக வந்தவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுசர். நான் என் முட்டி வலியைச் சொன்னேன். படி ஏறும்போது வலிப்பதையும், வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லப் பிடிக்காமல் சிரித்துக்கொண்டே ஏறுவதையும் சொல்ல ஆரம்பித்தேன். "எப்பலேர்ந்து வலி? எந்த முட்டி மொதல்ல? அப்ப கூட யாரு இருந்தா?" என்று வரிசையாகக் கேட்டார். நானும் பயந்துபோய்ப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பேன். பின்னால் நின்றிருந்த மேடம் குனிந்து, "சார், அவுங்க மனசத் தொறந்தாங்க. நீங்க எஃப்.ஐ.ஆர். போட்டுட்டீங்க" என்றார்.

நெத்திலிக் குவியல்

பயிற்சியின் கடைசி நாள் மேடம் என்னைத் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப்போனார். அஞ்சலை என்று ஒருத்தி. கடல் ஊருக்குள் வந்துபோன அந்தக் காலையில் மகளைப் பறிகொடுத்தவள். இத்தனை வருசத்தில் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எங்களுக்கு பிளாஸ்டிக் சேர் போட்டாள். தானும் ஒன்றை எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாடத்தில் சொன்ன மாதிரி நான் அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். "வெயிலு ஜாஸ்தியா இருக்கு" என்றாள். அதோடு சரி.

வெளியே தார்ப்பாயில் நெத்திலி கொட்டிக் கிடந்தது. பொழுது போகிறதே என்று அவள் எழுந்துபோய், கலந்து கிடந்த வேறு மீனைப் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். மணல் மினுங்கியது, மீன் மினுங்கியது. தூரத்தில் ஒரு படகு தூங்குகிற மாதிரி நின்றது. அவள் எப்போது ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியாது. காதில் விழுந்தபோது, மகளுக்கு அன்றைக்கு எந்த ரிப்பன் வைத்துப் பின்னினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் 'ம்' கொட்டினேன். அவள் சொன்னாள். மறுபடி 'ம்'. குவியல் தீர்ந்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். இவ்வளவு நாளாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மேடம் கேட்டதற்கு, "மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிங்க சொல்றது? மீனப் பாத்துக்கிட்டிருந்தா அது பாட்டுக்கு வருது" என்றாள்.

குவைத்திலிருந்து ஒரு புகார்

ஷாகுலும் ரஹ்மத்தும் காட்டுமன்னார்கோயில் பக்கம். ஜமாஅத்தில் இரண்டு முறை உட்கார்ந்து பேசியும் முடிவு வராமல், கடைசியாக இவர்களிடமும் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். ஷாகுல் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். சென்ட் வாசனையோடு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். கல்யாணம், சம்பளம், வெயில், ஃபோர்மேன், ரூமில் சமையல், எல்லாம் ஆற்று வெள்ளம் மாதிரி வந்தது. ரஹ்மத் ஜன்னலில் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்லும்மா" என்று அவள் பக்கம் திரும்பினேன். "அவ என்னம்மா சொல்லப்போறா, நானே சொல்றேன்" என்று அதற்கும் அவனே பதில் சொன்னான்.

அவன் புகார் இதுதான். தினமும் போன் செய்கிறான். போன வருசம் வரைக்கும் அவள் நன்றாக 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நின்றுவிட்டது. உங்களுக்கே தெரியும், நேரில் என்றால் முகத்தைப் பார்த்துச் சமாளிக்கலாம்; போனில் 'ம்' இல்லையென்றால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. "லைன்ல இருக்கியா, லைன்ல இருக்கியான்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சும்மா. நா நகநட்டா கேக்கறேன்? ஒரே ஒரு ம். அதுக்கும் வழியில்லன்னா இந்தக் குடும்பம் எதுக்கு எனக்கு?"

ஜன்னலோர சீட்டு

அறையில் அவள் பேசமாட்டாள் என்று தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருகிறேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டு, ஒருநாள் ரஹ்மத்தோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். அவளுக்கு ஜன்னல் பக்கம், எனக்கு இந்தப் பக்கம். இரண்டு பேருக்கும் முன் சீட்டின் முதுகுதான் தெரிந்தது. வயல்கள் பச்சையாகப் பின்னால் ஓடின. ஒரு ரைஸ் மில் தாண்டியது, வேகிற நெல்லின் வாசனை உள்ளே வந்து கொஞ்ச தூரம் எங்களோடு பயணம் செய்து இறங்கிப்போனது. எனக்குக் கண் சொருகியது. அப்போதுதான் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

போன வருசம் அவளுடைய அத்தா மவுத்தானார்; அப்பா இறந்துபோனதை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஷாகுல் போன் செய்தான். எடுத்தவுடன், "சபுரா இரு ரஹ்மத், பொறுமையா இரு, எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்" என்றான். பிறகு நெடுநேரம் பேசினான். மறுநாளும் பேசினான். மனசை விடாதே, சாப்பிடு, தூங்கு, ஓது என்றான். "தப்பா ஒண்ணுமே சொல்லலம்மா அவரு. எல்லாம் நல்ல வார்த்தைதான். நா சொல்ல வந்தத வைக்கறதுக்குத்தான் எடம் இல்ல. அன்னைக்கோட எனக்கு ம் வரமாட்டேங்குது" என்றாள். அவள் சொல்ல வந்ததை இப்போதும் அவன் காது கொடுத்துக் கேட்காவிட்டால், அவன் சொல்கிற மாதிரியே பிரிந்துவிடலாம் என்றும் சொன்னாள். ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. சொல்ல வந்தது என்ன என்று கேட்டேன். என் கையை ஒருமுறை தொட்டுவிட்டு, "அது உங்களுக்குச் சொல்றதில்லம்மா, அவருக்குச் சொல்றது" என்றாள்.

பேச்சை நிறுத்தாதவன்

அவனைக் கூப்பிட்டு, தம்பி, கொஞ்சம் வாயை மூடு என்று சொல்லத்தான் எனக்கு நாக்கு துடித்தது. மேடத்துக்கு போன் செய்தேன். "அவரு பேச்ச நிறுத்தச் சொல்லாதீங்க சரோஜாம்மா. ஏன் பேசறாருன்னு கேளுங்க. அவரயும் யாரும் கேட்டிருக்கமாட்டாங்க" என்றார். அந்த யோசனை எனக்கு வந்திருக்காது.

ஷாகுல் தனியாக வந்தான். சேரை அவனுக்குப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தேன். அவன் பேசினான், நான் 'ம்' கொட்டினேன். உயரமான கட்டிடங்களின் மொட்டை மாடியில் மிஷினோடு மிஷினாக நிற்பதைச் சொன்னான். அங்கிருந்து பார்த்தால் ஊரே வெள்ளைப் புழுதிக்குள் மிதக்கிற மாதிரி இருக்குமாம். பகல் முழுக்கப் பேச ஆள் கிடையாதாம். "மாமனார் மவுத்தான அன்னிக்கும் மொட்ட மாடியிலதான் இருந்தியா தம்பி?" என்றேன். அவன் பேச்சு முதல்முறையாக நின்றது. நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஜன்னல் வெயில் தரையில் இன்னொரு சதுரத்துக்கு நகர்ந்தது. பிறகு குனிந்துகொண்டே சொன்னான்: "நா நிறுத்துனா அவ அழுவுற மூச்சு கேக்கும்மா. அங்கேர்ந்து நா என்ன பண்ண முடியும்? அதான் நிறுத்தறதேயில்ல."

ஏரிக்கரையில் வண்டி

அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம் இருவரும் வந்தார்கள். ஜமாஅத்தில் அன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்களை எதிரெதிராகப் போடாமல் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். "ரஹ்மத் ஒண்ணு சொல்லணும்னு இருக்கு தம்பி. முடியற வரைக்கும் ஆறுதல் சொல்ல வேணாம். அழுதாலும் அழட்டும்" என்றேன். ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் குரல் எழும்பாது என்று போய் அதை நிறுத்தினேன். புறாக்கள் சிறகடிப்பது கேட்டது.

"அத்தாவுக்கு நெனவு வர்றதும் போறதுமா இருந்துச்சு" என்று ஆரம்பித்தாள். "கண்ணு தொறக்கறப்பல்லாம், மாப்ள வந்துட்டாரான்னு கேட்டாங்க. நீங்க அங்க டூட்டியில இருக்கீங்க. நா, பிளேன் எறங்கிட்டாரு அத்தா அப்படின்னு சொல்லிட்டேன். சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னது. மறுபடி கேட்டாங்க. பண்ருட்டி தாண்டிட்டாருன்னேன். அப்புறம் வடலூர் தாண்டிட்டாருன்னேன். சேத்தியாத்தோப்புல டீ குடிக்க எறங்கியிருக்காராம்னேன். அத்தா சிரிச்சாங்க. டீ இல்லாம அவரால ஆவாதுன்னாங்க. ஏரிக்கரையில வண்டி வருது, காத்து சில்லுன்னு இருக்காம்னேன். என் கையப் புடிச்சிக்கிட்டு வாசலையே பாத்தாங்க. கடைசியா நா அத்தாகிட்ட சொன்னது பூரா பொய்யி. இத யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

ஷாகுல் இரண்டு முறை வாயைத் திறந்தான். "அல்லா..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, நிறுத்திக்கொண்டான். அவள் அழுதாள். அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சேரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான், எழுந்திருக்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகு, குழந்தை கதை கேட்கிற குரலில் கேட்டான்: "அப்புறம்... நா வந்து சேந்துட்டனா?"

"வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டிருக்கீங்கன்னு சொன்னேன் மச்சான். அதுக்கு மேல அத்தா கேக்கல."

பிரிவுப் பேச்சை ஜமாஅத்தில் இருவருமாகப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்; ஷாகுல் குவைத்துக்குப் பிளேன் ஏறிவிட்டான். அந்தக் குடும்பம் சேர்ந்ததில் ஆலோசகரின் பங்கு என்ன என்று மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள், ஃபேனை நிறுத்தினேன் என்று சொன்னால் நம்புவார்களா என்றுதான் மேடமும் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.